ஆறு நாடாக்களை ஏன் அழித்தார்கள்?

2017 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. விடிந்தும் விடியாத ஐந்து மணிக்குப் பல்கலைக்கழக விடுதி அறையில் ஒரு மடிக்கணினியைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவில் அப்போது ஞாயிறு மாலை. என்.எஃப்.எல் என்கிற தேசியக் கால்பந்து லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் தொடங்கியிருந்தது. நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதி ஆடும் ஆட்டம். எனக்கு விதிகள் பாதிதான் புரிந்தன. ஒரு கட்டத்தில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 3. குளிக்கப் போகலாம் என்று எழுந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். கூடுதல் நேரத்தில் பேட்ரியாட்ஸ் 34-28 என்று வென்றது. அன்று காலையிலிருந்து நான் பேட்ரியாட்ஸ் ரசிகன்.

எங்களுக்கு அந்த ஆட்டத்தைக் காட்டிய மூத்த ஆய்வாளர் பிலடெல்பியாவில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தவர். அந்த ஊர் அணியான ஈகிள்ஸ் என்றால் அவருக்கு உயிர். என் கூத்தைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: “சந்தோஷப்படு தம்பி. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. நீ புடிச்சிருக்கிறது கேமரா வெச்சுத் திருடின டீம்.”

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் விடுதி மெஸ்ஸில் இதே சண்டை. அந்தச் சண்டையில் நான் பேசிய பேச்சையெல்லாம் இப்போது திரும்பிப் பார்க்கிறேன். தோற்றதற்காக வருத்தமில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கடைசிவரை கேட்கவே இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டம் தொடர்ந்து ஓடாது. சில நொடிகள் மோதல், பிறகு நிறுத்தம், பிறகு அடுத்த மோதல். ஒவ்வொரு மோதலுக்கு முன்பும் யார் எங்கே நிற்பது, யார் யாரை மறிப்பது என்று பயிற்சியாளர் முடிவு செய்து களத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 1994 முதலே வசதி உண்டு. அதன் நடுநாயகமான குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு ரேடியோ இருக்கும். தடுக்கும் அணிக்கு 2008 வரை அந்த வசதி கிடையாது. அதனால் அந்த அணியின் பயிற்சியாளர்கள் எல்லைக்கோட்டு ஓரம் நின்று கையை ஆட்டியும் தொப்பியைத் தொட்டும் சைகையில்தான் பேசுவார்கள். அந்தச் சைகையின் பொருள் எதிரணிக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த சில நொடிகளில் வரப்போகும் தடுப்பு என்னவென்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எதிரணியின் சைகையைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது குற்றமல்ல. அதைக் கேமராவில் பதிவு செய்வதுதான் தடை. 2006 செப்டம்பர் 6 அன்று லீக் தலைமையகம் எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பி இதை மீண்டும் அழுத்திச் சொன்னது. ஓராண்டு கழித்து, 2007 செப்டம்பர் 9 அன்று, நியூ ஜெர்சியில் நியூயார்க் ஜெட்ஸ் அணியுடன் ஆட்டம். ஜெட்ஸ் பயிற்சியாளர்களின் சைகைகளை எல்லைக்கோட்டு ஓரத்திலிருந்து படம் பிடித்த பேட்ரியாட்ஸ் ஊழியர் ஒருவர் பிடிபட்டார். கேமராவும் நாடாவும் பறிமுதல் செய்யப்பட்டன. ஜெட்ஸின் தலைமைப் பயிற்சியாளர் எரிக் மான்ஜினி, பேட்ரியாட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிச்சிக்கிடம் தொழில் கற்றவர். உள்வீட்டு ரகசியம் தெரிந்தவர்.

நான்கே நாளில் தண்டனை வந்தது. லீகின் ஆணையர் ராஜர் குடெல் பெலிச்சிக்குக்கு 5 லட்சம் டாலர், அணிக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விதித்தார். புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் அணியின் முதல் சுற்று வாய்ப்பையும் பறித்தார். விதியைத் தாம் தவறாகப் புரிந்துகொண்டதாகப் பெலிச்சிக் சொன்னார். அதே ஆட்டத்தில் பயன்படுத்தாதவரை பதிவு செய்யலாம் என்று நினைத்தாராம். ஊடகங்கள் இந்த விவகாரத்துக்கு ‘ஸ்பைகேட்’ என்று பெயர் வைத்தன.

இனி ரசிகர்களின் கதைக்கு வருவோம். எங்கள் தரப்பில் மூன்று வாதங்கள் உண்டு. மூன்றையும் மெஸ்ஸில் நான் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன்.

முதலாவது: “எல்லாரும்தான் செஞ்சாங்க.” இது முழுப் பொய்யும் அல்ல. டாலஸ் கவ்பாய்ஸ் அணிக்கு இரண்டு சூப்பர் பவுல் வென்று தந்த ஜிம்மி ஜான்சனே தாமும் செய்ததாகத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். ஆனால் சுற்றறிக்கை வந்த பிறகும் செய்து, கையும் களவுமாகப் பிடிபட்டது எங்கள் அணி. தவிர, எல்லாரும் செய்தார்கள் என்றால் அந்த எல்லாரையும் விசாரிக்கச் சொல்லித்தானே கேட்டிருக்க வேண்டும்? நாங்கள் அதைக் கேட்கவில்லை. எல்லாரையும் சேர்த்து இழுத்தால் நம்மை விட்டுவிடுவார்கள் என்பதற்காகச் சொன்ன வாதம் அது.

இரண்டாவது: “அதனால என்ன லாபம்?” இதற்குக் கொஞ்சம் வலு உண்டு. கேமரா பறிபோன அந்த ஆட்டத்தையே பேட்ரியாட்ஸ் 38-14 என்று வென்றது. ஊரே கண்காணித்துக்கொண்டிருந்த அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்களில் 16 வெற்றி. 2008 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில்தான் நியூயார்க் ஜயண்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது. அப்படியானால் கேமராவால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லலாமா? அணியில் முன்பு வீடியோ உதவியாளராக இருந்த மேட் வால்ஷ் 2008 மே மாதம் எட்டு நாடாக்களை லீகிடம் ஒப்படைத்தார். அவை 2000 முதல் 2002 வரையிலானவை. லாபமே இல்லாத வேலையை ஒரு அணி ஆண்டுக்கணக்கில் ஆள் போட்டுச் செய்யுமா? ஒரே லீக் பிரிவில் இருக்கும் அணிகள் ஆண்டுக்கு இருமுறை மோதுகின்றன. முதல் முறை பதிவு செய்ததை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: “எல்லாம் பொறாமை.” இதற்கும் எங்களிடம் ஒரு ஆதாரம் இருந்தது. 2008 சூப்பர் பவுலுக்கு முந்தைய நாள் ‘பாஸ்டன் ஹெரால்ட்’ நாளிதழ் ஒரு செய்தி போட்டது. 2002இல் பேட்ரியாட்ஸ் தன் முதல் சூப்பர் பவுலை வென்றதற்கு முந்தைய நாள், எதிரணியான செயின்ட் லூயிஸ் ராம்ஸின் ஒத்திகையை ரகசியமாகப் படம் பிடித்தது என்றது அந்தச் செய்தி. மே மாதம் அதே நாளிதழ், அது தவறு என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. ஆனாலும் எதிர்த்தரப்பு ரசிகர்கள் பலர் இன்றும் அதை நடந்த கதையாகவே சொல்கிறார்கள். எங்கள் விடுதி அண்ணனும் சொல்வார். மன்னிப்பு வந்த செய்தியைக் காட்டினால், “அமுக்கிட்டாங்க தம்பி” என்பார்.

இப்படி நாங்கள் எங்களுக்கு வேண்டிய சாட்சியத்தை எடுத்துக்கொண்டோம், அவர்கள் அவர்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். இரு தரப்பும் கவனிக்காமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. அதுதான் இந்த விவகாரத்தின் மையம்.

தண்டனை அறிவித்த பிறகு, வீடியோ தொடர்பான எல்லாவற்றையும் ஒப்படைக்கும்படி லீக் பேட்ரியாட்ஸுக்கு உத்தரவிட்டது. அணி ஆறு நாடாக்களையும் சைகைக் குறிப்புகளையும் ஒப்படைத்தது. சில நாட்களுக்குள் அத்தனையையும் லீகே அழித்துவிட்டது. நாடாக்களைக் காலால் மிதித்து நொறுக்கினார்கள், காகிதங்களைக் கிழிப்பு எந்திரத்தில் போட்டார்கள், அதுவும் பேட்ரியாட்ஸின் சொந்த மைதானத்திலேயே நடந்தது என்று 2015இல் ஈஎஸ்பிஎன் வெளியிட்ட புலனாய்வுக் கட்டுரை சொன்னது. இனி யாரும் அவற்றைப் பயன்படுத்தி ஆதாயம் அடையக் கூடாது என்பதற்காக அழித்தோம் என்பது குடெலின் விளக்கம்.

வரிசையைக் கவனியுங்கள். தீர்ப்பு முதலில் வந்தது, சாட்சியம் பிறகு வந்தது, அழிப்பு அதற்கும் பிறகு நடந்தது. எந்த ஊர் நீதிமன்றத்திலாவது இப்படி நடந்தால் நாம் என்ன சொல்வோம்? திருட்டு நகையை மீட்ட காவல் நிலையம், வேறு யாரும் திருடிவிடக் கூடாது என்று அதை உருக்கிவிட்டேன் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வோமா?

கேள்வி கேட்க ஒருவர் வந்தார். பென்சில்வேனியாவின் செனட்டர் ஆர்லென் ஸ்பெக்டர். அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழுவில் குடியரசுக் கட்சியின் மூத்த உறுப்பினர். தொலைக்காட்சி உரிமை விற்பனையில் லீகுக்கு 1961 முதல் ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அந்தச் சலுகையை அனுபவிக்கும் நிறுவனம் பொதுமக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார். நாடாக்களை ஏன் அழித்தீர்கள் என்று குடெலை நேரில் அழைத்துக் கேட்டார். சுயேச்சையான விசாரணை வேண்டும் என்றார். ஆனால் ஸ்பெக்டர் ஈகிள்ஸ் ரசிகர். 2005 பிப்ரவரியில் அந்த அணி சூப்பர் பவுலில் பேட்ரியாட்ஸிடம் 24-21 என்று தோற்றிருந்தது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. “தோத்த டீம் ஆளு, அப்படித்தான் பேசுவான்” என்று தள்ளிவிட்டோம். கேட்டவர் யார் என்று பார்த்தோமே தவிர, கேள்வி சரியா என்று பார்க்கவில்லை. சுயேச்சையான விசாரணை நடக்கவே இல்லை.

உண்மையில் அந்தக் கேள்வி எங்களுக்கும் தேவைப்பட்ட கேள்வி. நாடாக்கள் இருந்திருந்தால் எத்தனை ஆட்டங்கள், எந்தெந்த அணிகள், எவ்வளவு பலன் என்று கணக்குப் போட்டிருக்கலாம். குற்றம் சிறியது என்றால் சிறியது என்று நிரூபணமாகியிருக்கும். இப்போது எங்கள் அணியின் குற்றத்தையும் அளக்க முடியாது, நேர்மையையும் நிறுவ முடியாது. சாட்சியத்தை அழித்ததால் தப்பித்தது லீக் மட்டும்தான். பில்லியன் கணக்கில் டாலர் புரளும் வியாபாரத்தின் பெயர் கெடாமல் நான்கே நாளில் கதையை முடித்துக்கொண்டது. சாதாரண ஊழியரான வால்ஷோ, தன்னிடமிருந்த நாடாக்களைக் கொடுப்பதற்கே சட்டப் பாதுகாப்பு கேட்டு மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே அதிகாரம் எங்கள் மேல் பாய்ந்தது. 2015 ஜனவரியில் இண்டியானபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் பந்துகளில் விதித்த அளவைவிடக் காற்று குறைவாக இருந்ததாகப் புகார். இம்முறை லீக் வழக்கறிஞரை நியமித்து 243 பக்க அறிக்கை வாங்கியது. அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், எங்கள் நாயகன் டாம் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை. மேல்முறையீட்டைக் கேட்டவர் யார்? தண்டித்த லீகின் தலைவரான அதே குடெல்.

அப்போது பேட்ரியாட்ஸ் ரசிகர்கள் கொதித்தார்கள். வழக்குத் தொடுப்பவரே நீதிபதியாக இருக்கலாமா, இது என்ன நியாயம், சுயேச்சையான நடுவர் எங்கே என்று கேட்டார்கள். மாவட்ட நீதிபதி தடையை ரத்து செய்தபோது கொண்டாடினார்கள். 2016 ஏப்ரலில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை மீட்டபோது சபித்தார்கள். அவர்கள் கேட்டது முழுக்கச் சரியான கேள்வி. ஆனால் 2007இல் அதே ஆணையர், அதே அதிகாரத்தால், எங்களைப் பற்றிய சாட்சியத்தை அழித்தபோது அந்தக் கேள்வி எங்கே போயிருந்தது? நம்மைக் காப்பாற்றும்போது அதிகாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடிக்கும்போதுதான் தெரிகிறது.

இதுவரை சொன்னது ரசிகர்களின் பொதுக் கதை. இனி வருவது என் கதை.

2019 பிப்ரவரியில் பேட்ரியாட்ஸ் மீண்டும் சூப்பர் பவுல் வென்றது. ராம்ஸ் அணியை வெறும் 3 புள்ளிகளுக்குள் அடக்கி 13-3 என்ற வெற்றி. தாக்குதலைவிடத் தடுப்பாட்டம் வென்று கொடுத்த கோப்பை அது. அன்று தடுப்பணிக்கு ஆட்ட உத்தரவுகளைக் கொடுத்தவர் பிரையன் ஃப்ளோரஸ். ஹோண்டுராஸிலிருந்து குடியேறிய கறுப்பினக் குடும்பத்தின் பிள்ளை. நியூயார்க்கின் பிரவுன்ஸ்வில்லில் வளர்ந்தவர். 2004இல் கடைநிலை உதவியாளராக பேட்ரியாட்ஸில் சேர்ந்து பதினைந்து பருவங்கள் உழைத்தவர். அந்தக் கோப்பைக்குப் பிறகு மயாமி டால்ஃபின்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் தோல்விகளைவிட வெற்றிகள் அதிகம் பெற்ற பிறகும் 2022 ஜனவரியில் நீக்கப்பட்டார்.

பிறகு நியூயார்க் ஜயண்ட்ஸ் அவரை நேர்காணலுக்கு அழைத்தது. இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. களத்தில் ஆடுபவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பின வீரர்களாக இருக்க, அவர்களை வழிநடத்தும் தலைமைப் பயிற்சியாளர்கள் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர்களாகவே இருந்ததால் 2003இல் வந்த ‘ரூனி விதி’ அது. தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணல் செய்தே ஆக வேண்டும். அந்த எண்ணிக்கை பின்னர் கூடியது. நேர்காணலுக்கு மூன்று நாள் முன்பு, ஜனவரி 24 அன்று, ஃப்ளோரஸின் கைப்பேசிக்கு பெலிச்சிக்கிடமிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. ஜயண்ட்ஸ் வேலை உனக்குத்தான் என்கிற பொருளில். இன்னும் நேர்காணலே முடியவில்லையே என்று குழம்பிய ஃப்ளோரஸ், நீங்கள் எந்த பிரையனுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். பெலிச்சிக் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவர் வாழ்த்த நினைத்தது இன்னொரு பிரையனை, பிரையன் டேபோல் என்ற வெள்ளையரை. ஃப்ளோரஸ் மூன்று நாள் கழித்து அந்த நேர்காணலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். வேலை டேபோலுக்குக் கிடைத்தது.

2022 பிப்ரவரி 1 அன்று ஃப்ளோரஸ் லீக் மீதும் மூன்று அணிகள் மீதும் இனப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தார். அந்த நாளில் 32 அணிகளில் ஒரே ஒரு கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்தான் இருந்தார், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மைக் டாம்லின். சில வாரங்களில் ஃப்ளோரஸுக்கு உதவிப் பயிற்சியாளர் வேலை கொடுத்ததும் அவருடைய அணிதான். கடைசிவரை ஃப்ளோரஸையும் பரிசீலித்தோம் என்று ஜயண்ட்ஸ் மறுத்தது. வழக்கில் அடிப்படையே இல்லை என்று லீக் சில மணி நேரத்தில் அறிக்கை விட்டது. ஸ்டீவ் வில்க்ஸ், ரே ஹார்டன் என்ற இரு கறுப்பினப் பயிற்சியாளர்களும் பிறகு வழக்கில் சேர்ந்தார்கள்.

அந்த வாரம் நான் என்ன செய்தேன்? இரண்டு பிரையன்களைக் குழப்பிய குறுஞ்செய்தியை வைத்து வந்த மீம்களைப் பார்த்துச் சிரித்தேன். ஒன்றை விடுதி அண்ணனுக்கும் அனுப்பினேன். சமத்துவம் பற்றி வகுப்பறையிலும் மேடையிலும் பேசுகிறவன்தான் நான். என் அணிக்கு அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்த மனிதரைப் பெயருக்கு ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்ற புகார் எனக்கு நகைச்சுவையாகத்தான் வந்து சேர்ந்தது. கேமராவுக்காக இரண்டு ஆண்டுகள் மெஸ்ஸில் தொண்டை வறளக் கத்தியவன், இதற்கு ஒரு நாள்கூடப் பேசவில்லை. சைகையைத் திருடினால் அது மோசடி. முடிவை எடுத்துவிட்டு நேர்காணல் நடத்துவதாகச் சொல்லப்படுவது மட்டும் எப்படி எனக்கு மோசடியாகத் தெரியாமல் போனது?

லீக் அப்போது நீதிமன்றத்தில் என்ன கேட்டது தெரியுமா? இந்தப் புகாரை நீதிமன்றம் விசாரிக்கத் தேவையில்லை, எங்களுடைய நடுவர் முறையில் தீர்த்துக்கொள்கிறோம் என்றது. அந்த நடுவர் முறையின் தலைமையில் இருப்பவர் லீகின் ஆணையர். ஆறு நாடாக்களை அழித்த அதே குடெல். புகார் லீக் மீது, தீர்ப்பும் லீகினுடையது. பிரேடி வழக்கிலாவது வீரர்களின் சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் ஆணையருக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருந்தது. பயிற்சியாளர்களுக்குப் பேரம் பேசும் சங்கமும் கிடையாது. 2025 ஆகஸ்டில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. எதிர்த்தரப்பின் தலைவரே நடுவராக இருப்பது நடுவர் முறையே அல்ல என்ற அடிப்படையில் ஃப்ளோரஸ் நீதிமன்றத்திலேயே வழக்கை நடத்தலாம் என்றது. பிரேடிக்கு மறுத்த அதே நீதிமன்றம்தான். எங்கள் ரசிகர்கள் 2015இல் கேட்டுக் கிடைக்காததை ஃப்ளோரஸ் வாங்கியிருக்கிறார். அதைக் கொண்டாட எத்தனை பேர் வந்தார்கள்?

ரசிகனாக இருந்துகொண்டே நியாயமாக இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும் என்பதற்கு பேஸ்பாலில் ஒரு சான்று உண்டு. 2017இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, எதிரணியின் சைகைகளைக் கேமராவில் பார்த்துத் தன் மட்டையாளருக்குக் குப்பைத் தொட்டியைத் தட்டிக் குறிப்பு கொடுத்தது. விஷயம் 2019இல் வெளியே வந்தபோது, சொந்த அணியின் ரசிகர் ஒருவர் அந்தப் பருவத்தின் 58 ஆட்டங்களின் வீடியோவை உட்கார்ந்து கேட்டார். தொட்டி தட்டும் ஒலியை ஒவ்வொன்றாகக் குறித்தார். 1,100க்கும் மேல். எந்த ஆட்டத்தில் எத்தனை, எந்த வீரருக்கு எத்தனை என்று பட்டியல் போட்டு எல்லாரும் பார்க்க வெளியிட்டார். தன் அணி செய்தது எவ்வளவு என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவரால் அது முடிந்ததற்குக் காரணம், அந்த வீடியோக்களை யாரும் அழிக்கவில்லை.

சாட்சியம் கையில் இருந்தால் ஒரு தனி ரசிகரே கணக்கைத் தீர்த்துவிடலாம். இல்லாவிட்டால் இரண்டு தரப்பும் பதினெட்டு ஆண்டுகள் கத்தலாம். அதனால்தான் சாட்சியத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள், யார் அழிக்கிறார்கள் என்ற கேள்வி, யார் திருடினார்கள் என்ற கேள்வியைவிட முந்தி வர வேண்டும். அதைக் கேட்கும்போது கேட்பவர் எந்த அணிச் சட்டை போட்டிருக்கிறார் என்று பார்க்கக் கூடாது. ஸ்பெக்டர் விஷயத்தில் நான் செய்த பிழை அதுதான்.

விடுதி அண்ணன் இப்போது வேறு மாநிலத்தில் ஆசிரியர். போன வாரம் பேசும்போது பழைய கேள்வியை மறுபடி போட்டார்: “ஒத்துக்கிறியா தம்பி, உன் டீம் திருடுச்சா இல்லையா?”

“திருடுச்சு அண்ணே. எவ்வளவுன்னு கேட்டா எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியவிடாம பண்ணவங்கள இப்போ கோர்ட்டுல ஒருத்தர் நிறுத்தியிருக்கார். அவரு எங்க பழைய கோச்சு. அந்தக் கேஸை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போமா?”

கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, “லிங்க் அனுப்பு” என்றார்.